முன்பாகத்துக் கனம்

துப்பாக்கி சுடும் போட்டியின் கருவிச் சோதனை மேசைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மேசையில் உட்கார்ந்தால் உங்களை யாருக்கும் பிடிக்காது. சுடுகிறவருக்குப் பிடிக்காது. அவருடைய கோச்சுக்குப் பிடிக்காது. போட்டி நடத்துகிறவருக்கு நீங்கள் ஒரு தாமதம், சங்கத் தலைவருக்கு ஒரு தலைவலி. நாலு பேருக்கு நல்லவனாக இருக்க ஆசைப்பட்டு அங்கே உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாஸ் செய்த துப்பாக்கிகள் மாநிலப் போட்டியில் வாசலிலேயே திரும்பி வந்தன. திட்டு வாங்கியது சுட்டவர்கள்.

நான் பாலக்காட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம். ரைபிள் கிளப்பில் சுடுகிறவர்கள் திருகாணிக்கும் கிளாம்புக்கும் எங்கள் கடைக்கு வருவார்கள். அப்படி ஆரம்பித்து, கிளப் துப்பாக்கிகளைப் பராமரிப்பது, எந்தப் பாகம் விதிக்கு ஒத்து வரும் என்று சொல்வது, கடைசியில் போட்டிகளில் சோதனை மேசை என்று போய்விட்டது. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் ராவுத்தர்தான்.

எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். இதில் மட்டும் தேதியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், பெயரையும் மாற்றியிருக்கிறேன். இதில் வருகிறவர்கள் இன்றும் போட்டிக்கு வந்துபோகிறார்கள். ஆளைக் கண்டுபிடித்து வம்பு பேசுவதற்கு நான் சாமான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். யாருக்காவது இது தன்னைப் பற்றித்தான் என்று தோன்றினால் தோன்றட்டும்.

துப்பாக்கிக்குப் பாகம் வாங்குகிறவர்கள் உங்களிடம் வந்து எது நல்லது என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். எந்தப் போட்டி, எந்தத் துப்பாக்கி, எந்த ஆண்டின் விதிப் புத்தகம் என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு ஒலிம்பிக்குக்கும் அடுத்த ஒலிம்பிக்குக்கும் இடையில் விதி மாறும். கடைக்காரனின் பட்டியலில் இருக்கும் படம் மாறாது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் மகனுக்காக வெளிநாட்டிலிருந்து தோள்தகடு வரவழைத்தார். தோளில் அணைக்கிற இடத்தில் கீழே கொக்கி வைத்த தகடு. அழகான பொருள். ஆனால் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் கொக்கிக்கு இடமில்லை. நான் திருப்பிக் கொடுத்ததும் அவர் என் முன்னாலிருந்த அளவுக் கருவிகளைக் காட்டினார்.

“ஏனுங்க ராவுத்தரே, இது ஜெர்மனில இருந்து வந்திருக்குதுங்க. உங்க இரும்பு கஞ்சிக்கோட்டு லேத்துல கடைஞ்சது. எது தப்பா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க.”

ஜெர்மன்காரரும் அதை வேறு துப்பாக்கியில்தான் மாட்டுவார் என்றேன். நம்பவில்லை. மகன் பழைய தகட்டைப் போட்டுக்கொண்டு சுட்டான், அப்பா மதியம் வரை என்னிடம் பேசவில்லை. இதெல்லாம் சின்ன விஷயம். பொருள் தவறு என்றால் பொருளைக் காட்டிப் பேசலாம். சொன்ன சொல்லே தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? நான் எழுத வந்தது அதைத்தான்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி அது. அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டியும்கூட. சித்தூர்ப் பக்கம் ஒரு பள்ளி அரங்கில் பத்து மீட்டருக்குத் தடம் போட்டிருந்தோம். போட்டியை நடத்தியவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், மலையாளி. எல்லோருக்கும் அவர் மாஷ். கெட்டவர் இல்லை. ஒழுங்கு தவறினால் போட்டியின் பேர் போய்விடும் என்று நினைக்கிற ஆள். அவருடைய பயிற்சி மையத்துப் பெண் ஒருத்தியும் அன்று சுட வந்திருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சோதனை முடிந்ததற்கு மணி அடித்துவிட்டார்கள். அப்போது சங்கத் தலைவரின் அக்கா மகன் என் மேசைக்கு வந்தான். குழலில் எடைத்துண்டை டேப் சுற்றி ஒட்டியிருந்தான். எடையை டேப்பால் கட்டக் கூடாது. கிளாம்ப் போட்டு முறைப்படி மாட்ட வேண்டும். மணி அடித்துவிட்டதே என்று மாஷைப் பார்த்தேன். பையன் பிரித்து மாட்டிவிட்டு வரட்டும், கொஞ்ச நேரம் கொடுங்கள் என்றார் மாஷ். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தவறு சின்னது, திருத்தக்கூடியது. அவன் கிளாம்ப் போட்டுக்கொண்டு வந்தான். அளந்தேன். பாஸ்.

அவன் நகர்ந்ததும் ஜெபராணி ஓடி வந்தாள். மூணாறு எஸ்டேட்டுத் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற அறையில் வேலை. மறையூர் இறங்கி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்தவளைக் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் துப்பாக்கிப் பெட்டியைப் பார்த்து இறக்கிவிட்டார்கள். கேரளத்திலிருந்து புறப்பட்டு, தமிழ்நாடு வழியாகத் திரும்பக் கேரளத்துக்குள் எதற்காகத் துப்பாக்கியோடு வருகிறாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ரோடு அப்படித்தான் போகிறது என்று சொல்லியிருக்கிறாள். மேலதிகாரிக்கு ஃபோன் போட்டு, காகிதத்தைப் பார்த்து, அது ஏர் ரைபிள்தான் என்று ஒத்துக்கொள்ள அவர்களுக்கு நேரமாகிவிட்டது.

அவளுக்கு அன்று என்ன போகவிருந்தது என்பது எங்கள் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். அம்மா கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து அந்த ஆண்டு ஓய்வு. ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஜெபராணியின் வேலை தற்காலிகம், அதற்கு வீடு கிடையாது. மாநில அணியில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு அந்த ஆண்டோடு முடிகிறது. அடுத்த போட்டி என்று அவளுக்கு ஒன்று இல்லை.

மணி அடித்தாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கியை வாங்கினேன். எடை வரம்புக்குத் தாராளமாகக் குறைவு. மற்றதெல்லாம் சரி. முன்கட்டையில், அதாவது இடது கை தாங்குகிற இடத்தில், கவையைச் செருகினேன். கவை என்று நாங்கள் சொல்வது இரண்டு பல் வைத்த இரும்பு. பல்லுக்கு நடுவே அறுபது மில்லிமீட்டர். முன்கட்டை அதற்குள் நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் இல்லை. பேச்சுக்கு இடமே கிடையாது. நுழையவில்லை. நாலு மில்லிமீட்டர் அதிகம். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் யாரோ கட்டையின் இரண்டு பக்கமும் மெல்லிய பலகை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள், கைக்கு வாகாக இருக்கட்டும் என்று.

மாஷ் எழுந்து வந்தார். நான் அப்போதே சொன்னேனே என்றார். உண்மைதான், சொல்லியிருந்தார். போட்டிக்கு முன்பே ஜெபராணி துப்பாக்கியைப் படம் எடுத்து அனுப்பி, பாகமெல்லாம் சரியா என்று கேட்டிருக்கிறாள். மாஷுக்குக் கண் அளவு பிசகாது. படத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டார். உடனே ஃபோனில் கூப்பிட்டு, “முன்பாகத்து கனம் கூடுதலாணு, குறச்சிட்டு வா” என்றிருக்கிறார்.

ஜெபராணி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“குறைச்சிட்டுத்தான சார் வந்துருக்கேன். முன்னாடி மாட்டுன வெயிட்டு ரெண்டையும் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். நீங்க சொன்ன அன்னைக்கிருந்து அது இல்லாமதான் சுடுறேன். இன்னும் என்ன சார் கனம்?”

அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. மாஷுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியும் ஒப்புக்கொள்ளவில்லை. மலையாளத்தில் ஒருவர் கனம் குறைந்த காகிதம் கேட்டால் மெல்லிய காகிதம் கொடுக்க வேண்டும். அங்கே கனம் பெரும்பாலும் பருமன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்கு கனமாக இருக்கிறது என்றால் அது பாரம், வேறொன்றும் இல்லை. தமிழ் அகராதியைப் புரட்டினால் கனம் என்பதற்குப் பருமன் என்ற பொருளும் இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கொழுந்துச் சாக்கு தூக்குகிற வீட்டில் யாரும் அகராதி பார்த்துப் பேசுவதில்லை. துப்பாக்கியின் முன்பாகத்தில் கனம் கூடுதல் என்று அவளிடம் சொன்னால் முன்னால் இருக்கிற எடையைத்தான் கழற்றுவாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மாஷ் கேட்டது பருமனை, அவள் குறைத்தது பாரத்தை. கீழ்ப்படிந்ததற்குத்தான் அவளுக்குத் தண்டனை.

இதை மாஷிடம் சொன்னேன். சந்தேகம் இருந்தால் அவள் திரும்பக் கேட்டிருக்க வேண்டும் என்றார். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை, எப்படிக் கேட்பாள் என்றேன். எச்சரிக்கை கொடுத்தாயிற்று, மணியும் அடித்தாயிற்று, இனி “பற்றில்ல” என்றார். முடியாது என்று அர்த்தம். அந்தச் சொல்லில் யாருக்கும் சந்தேகம் வராது.

நண்பர்களே, இந்த மேசையில் உங்களுக்கு இருக்கிற அதிகாரம் மிகச் சின்னது. கவை நுழைகிறதா இல்லையா என்று பார்ப்பது, அவ்வளவுதான். அந்தச் சின்ன அதிகாரத்தை வைத்து அன்று எனக்கு இரண்டு வழி தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாஸ் செய்யலாம். பாவம், நல்ல பெண், சொல் தவறிவிட்டது, நாலு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று அரங்கத்தில் பாதிப் பேர் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அப்படிச் செய்தால் போட்டி முடிந்து மறுசோதனைக்கு எடுக்கும்போது அவள் பெயர் கெட்டுப்போகும், ஏமாற்றுக்காரி என்ற பட்டத்தோடு. அடுத்தது, மாஷ் சொன்னபடி அனுப்பிவிடலாம். இரண்டையும் செய்ய மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

மாஷிடம் சொன்னேன்: “இந்தக் கட்டையை நான் பாஸ் பண்ண மாட்டேன். இந்தப் பொண்ணையும் அனுப்ப மாட்டேன். தலைவர் வீட்டுப் பையனுக்கு மணி அடிச்ச பிறகு நேரம் கொடுத்தோமில்ல? அதே நேரம் இவளுக்கும் உண்டு. திருத்திட்டு வரட்டும், மறுபடி அளக்கிறேன். அளக்கக் கூடாதுன்னா என்னை இந்த நாற்காலியில இருந்து எழுப்புங்க.”

அவர் எழுப்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜெபராணி கேட்ட முதல் கேள்வி அரம் இருக்கிறதா என்பதுதான். அழவில்லை. தலைவர் வீட்டுப் பையனின் கோச்சின் பெட்டியில் மர அரம் ஒன்று இருந்தது. கொங்குக்காரர், நக்கல் பேர்வழி. எடுத்துக் கொடுத்துவிட்டு, “ஏனுங்க ராவுத்தரே, போட்டி நடத்தறீங்களா, ஆசாரிப் பட்டறை போட்டிருக்கறீங்களா?” என்றார். பட்டறைக்கு அரம் கொண்டுவந்தவர் அவர்தானே என்றேன்.

கட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று என்னிடம் நீட்டினாள். நான் தொடவில்லை. அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “என் கை பட்டா நான் அளக்கிறது செல்லாதும்மா. நீயே செய்” என்றேன். இதை நினைவில் வையுங்கள். இரக்கத்தில் கையை நீட்டி, திருத்தவும் செய்து, அளக்கவும் செய்தால் அடுத்த நிமிடம் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்வார். அவளுக்கு உதவி என்பது நான் நாற்காலியை விட்டு நகராமல் இருப்பதுதான்.

கிளப் பெட்டியில் விதிக்கு ஒத்த ஒரு முன்கட்டை உபரியாக இருந்தது. வேண்டுமானால் அதை மாட்டிக்கொள்ளலாம் என்றேன். ஒரு ஜோடி எடைத்துண்டும் இருந்தது, கிளாம்போடு. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். கட்டை உயரம் வேறு, தன் முழங்கை இடுப்பில் உட்காரும் இடம் மாறிவிடும் என்றாள். எடையை நீட்டியபோது தலையை ஆட்டினாள்.

“இல்லாம சுட்டே இப்ப கை பழகிருச்சுண்ணே. இதையும் மாட்டுனா இன்னைக்குப் புதுத் துப்பாக்கி. கட்டைய மட்டும் தேய்க்கிறேன். அதுவும் வெளிப்பக்கம் மட்டும். விரல் படுற பக்கத்தத் தொடமாட்டேன்.”

இரண்டு பக்கமும் பாதிப் பாதி தேய்ப்பதுதான் பார்வைக்கு அழகு. எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் அவள் கைக்குத் தெரிந்த பக்கம் ஒன்று, தெரியாத பக்கம் ஒன்று. தெரியாத பக்கத்தை இழக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். துப்பாக்கிப் பாகம் தேர்ந்தெடுப்பது என்றால் நான் சொல்வது இதைத்தான். சிறந்த பாகம் எது என்று தேடுவதை அவள் அந்த நேரத்தில் விட்டுவிட்டாள். விதிக்குள் வந்தாக வேண்டும், தன் கைக்கும் அந்நியமாகக் கூடாது. அவ்வளவு போதும் என்று நின்றாள்.

பெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கட்டையை இறுக்கிக்கொண்டு அரத்தைப் போட்டாள். ஒட்டுப் பலகை சிராய் சிராயாக உதிர்ந்தது. மாஷ் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே தயாராவதற்கான நேரத்தை அறிவித்துவிட்டார்கள். கொண்டு வந்தாள். கவை பாதி வரை போய் நின்றது. அது நின்ற இடத்தைக் காட்டினேன். “அங்கயா?” என்று அந்த இடத்தில் மட்டும் தேய்த்தாள். மறுபடி வைத்தேன். இந்தத் தடவை இரும்பு மரத்தை உரசிக்கொண்டே கடைசி வரை போனது. மாஷிடம் கவையை நீட்டி, நீங்களே போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டுப் பார்த்தார். நுழைந்தது. துப்பாக்கியை அவர் கையாலேயே அவளிடம் கொடுத்தார்.

நன்றாகச் சுட்டாள் என்று எழுத ஆசைதான். ஆரம்பம் மோசம். ஒரு பக்கம் தேய்ந்த கட்டை, பஸ்ஸில் அலைந்த உடம்பு, அரம் பிடித்த கை. பிறகு நிதானத்துக்கு வந்தாள். பட்டியல் ஒட்டியபோது மாநில அணிக்கு எடுத்தவர்களில் அவள் பெயர் கடைசி. அதற்கு அடுத்த இடத்தில், அணிக்கு வெளியே, மாஷின் மையத்துப் பெண்.

பட்டியல் ஒட்டிய கையோடு நடுவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மாஷ், சங்கத் தலைவர், வெளியூரிலிருந்து வந்த நடுவர் ஒருவர், நான். மாஷ் பேசினார். சுட்டதில் குறையில்லை, துப்பாக்கியும் சரி. ஆனால் சோதனை நேரம் முடிந்த பிறகு அளந்தது விதிப்படி சோதனையே ஆகாது, ஆகவே ஜெபராணியின் முடிவு செல்லாது என்றார். குரலை உயர்த்தவில்லை. ஒழுங்காகத்தான் பேசினார். வெளியூர் நடுவர் தலையாட்டினார். அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நியாயம், இரக்கம், சொல்லின் பொருள் எல்லாம் பேசலாம் என்றுதான் உள்ளே போனேன். அந்த அறையில் அதற்குக் காது இல்லை என்று தெரிந்தது.

“செல்லாதுன்னா சரி” என்றேன். “மணி அடிச்ச பிறகு நான் ரெண்டு துப்பாக்கி அளந்தேன். ரெண்டையும் செல்லாதுன்னு எழுதுங்க. நானே முதல் கையெழுத்துப் போடறேன்.”

இரண்டாவது துப்பாக்கி யாருடையது என்று வெளியூர் நடுவர் கேட்டார். ஆண்கள் பட்டியலில் முதல் பெயர் தலைவருடைய அக்கா மகன். தலைவர் மாஷின் பக்கம் திரும்பாமல் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“மாஷே, வா. சாயா குடிக்காம்.”

டீ குடிக்கக் கூப்பிட்டதோடு விசாரணை முடிந்தது. இரண்டு பெயரும் அப்படியே நின்றன. நான் செய்தது மிரட்டல் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். இருக்கட்டும். பையனின் துப்பாக்கியும் சரியாகத்தான் இருந்தது. அவனுக்குக் கொடுத்த நேரத்தை நான் இன்றும் தப்பென்று சொல்ல மாட்டேன். ஒரே மணிக்குப் பிறகு ஒருவனுக்குக் கதவு, ஒருத்திக்குச் சுவர் என்று வைப்பதைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே, மேசைக்கு வந்திருக்கும் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஃபோனில் துப்பாக்கிக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால், எந்தப் பாகம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லுங்கள். அகளியிலிருந்து வருகிறவரும் மூணாற்றிலிருந்து வருகிறவரும் கல்பாத்தியிலிருந்து வருகிறவரும் ஒரே சொல்லை ஒரே மாதிரி கேட்பதில்லை. உங்களைவிட அவசரத்தில் இருக்கிறவர்கள் உங்களைச் சுற்றி எப்போதும் நிற்பார்கள். அவர்கள் அவசரம் அவர்களோடு.

அன்று சாயங்காலம் மேசையை மடக்கிக்கொண்டிருந்தேன். சாயா குடித்துவிட்டு வந்த மாஷ் என் தோளைத் தட்டினார்.

“அடுத்த மேட்ச்சில் காணாம், ராவுத்தரே.”

மலையாளத்தில் அது பார்க்கலாம் என்று அன்பாக விடைபெறுகிற சொல். எங்கள் பேச்சில் காணாம் என்றால் ஆளையே காணவில்லை என்று பொருள். மாஷ் எந்த மொழியில் சொன்னார் என்று அடுத்த போட்டிக்கு அழைப்பு வராதபோது தெரிந்துகொண்டேன்.

அழைப்பில்லாமலே போனேன். வாசலில் மாஷ் நின்றிருந்தார்.

“காணாம்னு சொன்னீங்களே மாஷே” என்றேன். “இதோ, கண்டோ?”